டிபியே இல்லாதவனுக்கு எதுக்குங்க டிபி மாத்திரை?

பஞ்சுமில்_முழுநைட்டு:

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. எனக்கு வயசு 38, ஸ்பின்னிங் மில்லுல கார்டிங் டிபார்ட்மெண்ட்ல வேலை. ரெண்டு வருசம் முன்னாடி ஹெச்ஐவி பாசிட்டிவ்னு தெரிஞ்சுது, அன்னையில இருந்து ஏஆர்டி சென்டர்ல (ஹெச்ஐவிக்கு மருந்து குடுக்கற இடம்) குடுக்கற, மூணு மருந்து சேர்ந்த அந்த ஒத்தை மாத்திரை டிஎல்டி தான் ஓடிட்டிருக்கு, ஒரு நாள் கூட விட்டதில்லைங்க. சேர்ந்தப்போ எதிர்ப்பு சக்தி அணு கணக்கு, அந்த சிடி4, 212, கடைசியா எடுத்தப்போ 460, வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் அளவு, தெரியவே இல்லைன்னு வந்துச்சு, டாக்டரே சந்தோசப்பட்டாங்க. வீட்டுக்காரிக்கு தெரியும், அவளுக்கு நெகட்டிவ், எங்கம்மாவுக்கு தெரியாது.

விசயம் என்னன்னா போன வாரம் மருந்து வாங்க போனப்போ டிபி வராம இருக்க இதையும் சாப்பிடுங்கன்னு ஐசோனியாசிட்னு ஒரு மாத்திரை, கூட ஒரு பி6 வைட்டமின், ரெண்டும் தினமும் ஆறு மாசத்துக்குன்னு குடுத்துட்டாங்க. சேர்ந்த புதுசுலயே இதை சொன்னாங்க, அப்போ இருந்த பயத்துல அடுத்த தடவை பாக்கலாங்கன்னு நழுவிட்டேன். இப்பவும் கவரோட பீரோவுல துணிக்கு அடியில இருக்கு, இன்னும் பிரிக்கல. டிபியே இல்லாதவனுக்கு எதுக்குங்க டிபி மாத்திரை? ஈரலுக்கு கெடுதல்னு வேற சொல்றாங்க, எனக்கு எப்பவாவது பீர் பழக்கம் உண்டு. டிஎல்டியோட இது சண்டை போடாதா? வைரஸே தெரியலைங்கறப்போ எனக்கும் சாதாரண ஆளுக்கும் என்ன வித்தியாசம்?

அன்னைக்கு இருமல் இருக்கா காய்ச்சல் இருக்கான்னு கேட்டாங்க, பின்னாடி லைன் நிக்குது எனக்கும் ஷிப்டுக்கு நேரமாச்சு, இல்லைங்கன்னு சொல்லிட்டேன். இருமல் எல்லாம் பஞ்சு தூசிக்கு மில்லுல எல்லாருக்கும் இருக்கறதுதான், சாயங்காலம் ஆனா லேசா உடம்பு சுடும், முழு நைட்டு பாத்துட்டு பகல்ல தூங்கினா அப்படித்தாங்க இருக்கும். சாப்பிடலாமா வேணாமா, சாப்பிட்டவங்க யாராவது சொல்லுங்க.


தூக்குவாளி:

அண்ணா நான் சாப்பிட்டிருக்கேன். எனக்கு தினமும் இல்ல, வாரம் ஒரு நாள், மொத்தம் 12 வாரம். அதுல ரிஃபாபென்டினும் ஐசோனியாசிடும் இருக்கும், ரெண்டும் சேர்ந்த மாத்திரைன்னா ஒரு வேளைக்கு 3, தனித்தனியா குடுத்தா 9, எனக்கு தனித்தனியா தான் கிடைச்சுது, கையில கொட்டி பாத்தப்போ கல்யாண வீட்டுல சீரக மிட்டாய் அள்ளின மாதிரி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை வச்சுக்கிட்டேன், வேலைக்கு லீவுங்கறதால தலை கனமா இருந்தாலும் படுத்துக்கலாம்னு. மொத ரெண்டு வாரம் கொஞ்சம் குமட்டல், ஒரு நாள் காய்ச்சல் அடிக்கற மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், யாரும் சொல்லாம விட்டுட்டாங்க, ரத்தம்னு நினைச்சு நான் அழுதே புட்டேன், அதெல்லாம் மருந்தோட கலர்தான்.

டிஎல்டி கூட இந்த வாராந்திர மருந்து சேரும்னு டாக்டர் சொன்னாங்க, டோஸ் எதுவும் மாத்தல. உங்களுக்கு குடுத்திருக்கற ஐசோனியாசிட் மட்டும்னா இன்னும் சுலபம், அது டிஎல்டியை ஒண்ணும் பண்ணாது. இங்க படிக்கற பொண்ணுங்களுக்கு ஒண்ணு, ரிஃபாபென்டின் சாப்பிடும்போது கர்ப்பத்தடை மாத்திரை சரியா வேலை செய்யாது, அந்த மூணு மாசம் காண்டம் இல்லன்னா காப்பர் டி தான்.

பீரை அந்த ஆறு மாசம் மறந்துடுங்க அண்ணா, அவ்ளோதான்.


மலைக்காத்து:

இந்த இங்கிலீஷ் மருந்து எல்லாம் ஒண்ணு சாப்பிட்டா இன்னொண்ணை கெடுக்கும் பிரதர். எங்க தாத்தா காலத்துல நெஞ்சு சளிக்கு தூதுவளை ரசமும் ஆட்டுப்பாலும் தான், 90 வயசு வரைக்கும் இருந்தாரு. மாத்திரைய ஓரமா வச்சிட்டு 48 நாள் அதை ட்ரை பண்ணி பாருங்க.


நம்பிக்கை_அக்கா:

தம்பி, எல்லாரும் மாத்திரைய பத்தி பேசிட்டிருக்காங்க, நீங்க கடைசியில போறபோக்குல எழுதினதை யாரும் கவனிக்கல. இருமல் இருக்கு, சாயங்காலம் உடம்பு சுடுது. இதை வச்சுக்கிட்டு அந்த ஐசோனியாசிடை இன்னைக்கு பிரிக்காதீங்க, துணிக்கு அடியிலயே இருக்கட்டும்.

நான் 11 வருசம் ஹெச்ஐவி டெஸ்ட் எடுக்கற நம்பிக்கை மையத்துல கவுன்சிலரா இருந்தவ, டாக்டர் இல்ல, ஆனா இந்த ஒரு விசயத்துல எனக்கு சந்தேகமே கிடையாது. அங்க நாலு கேள்வி கேப்பாங்க, இருமல், காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி வேர்வை. நமக்கெல்லாம் ரெண்டு வாரம் இருமல் இருந்தாத்தான் சளி டெஸ்ட்டுன்னு போஸ்டர்ல பாத்து பழக்கம், ஹெச்ஐவி இருக்கறவங்களுக்கு அந்த ரெண்டு வார கணக்கே கிடையாது, ஒரு நாள் இருமலா இருந்தாலும் இருக்குன்னு தான் சொல்லணும். நாலுல ஒண்ணு இருந்தாலும் தடுப்பு மாத்திரைய நிறுத்தி வச்சிட்டு மொதல்ல டிபி இருக்கா இல்லையான்னு பாப்பாங்க. ஏன்னா தடுப்பு மாத்திரைங்கறது உடம்புல தூங்கிட்டிருக்கற கொஞ்சூண்டு கிருமிக்கு. கிருமி ஏற்கனவே முழிச்சு பெருகிடுச்சுன்னா அதுக்கு நாலு மருந்து வேணும், அங்க போயி ஒத்தை மருந்தை குடுத்தா அதுக்கு அடங்காத கிருமி மட்டும் மிஞ்சி, நாளைக்கு ஐசோனியாசிடே கேக்காம போயிடும். லைன் நிக்குதுன்னு நீங்க சொன்ன அந்த ஒரு "இல்லைங்க" எவ்ளோ பெரிய வேலை பாக்குதுன்னு பாருங்க.

டிபி இல்லாதவனுக்கு எதுக்குன்னு கேட்டீங்க, நியாயமான கேள்வி, என்கிட்ட தினம் நாலு பேரு கேப்பாங்க. நம்மூர்ல பெரியவங்கள்ல நிறைய பேரு உடம்புல டிபி கிருமி சத்தமில்லாம இருக்கும். ஹெச்ஐவி இல்லாத ஆளுக்கு அது நோயா மாறறது ஆயுசு முழுக்க சேர்த்தே 100க்கு 5 இல்லன்னா 10 பேருக்குத்தான். ஹெச்ஐவி இருந்து மருந்தும் சாப்பிடலன்னா வருசத்துக்கே 100ல 10 பேரு. ஹெச்ஐவிக்கான கூட்டு மருந்து சாப்பிட்டா அது நல்லா இறங்கும், ஆனா சாதாரண ஆள் அளவுக்கு இறங்காது. ஐவரி கோஸ்ட் நாட்டுல 2000 பேருக்கு மேல வச்சு பண்ணின ஆராய்ச்சி 2015ல வந்துச்சு, சீக்கிரமே கூட்டு மருந்து ஆரம்பிச்சவங்கள்ல கூட ஐசோனியாசிட் சாப்பிட்டவங்களுக்கு தனியா ஒரு பலன் இருந்துச்சு. வைரல் லோடு தெரியலங்கறது பெரிய சந்தோசம் தம்பி, ஆனா அது ஹெச்ஐவியோட மார்க்ஷீட், டிபிக்கு வேற பரீட்சை.

நாளைக்கே போங்க. உண்மைய சொல்லுங்க. சளிய, கிருமியோட மரபணுவ தேடிப் பாக்கற சிபிநாட் இல்லன்னா ட்ரூநாட் மிஷின்ல போட சொல்லுங்க, வெறும் மைக்ராஸ்கோப்புல பாக்கறது நமக்கு பத்தாது, ஹெச்ஐவி இருந்தா சளியில கிருமி கம்மியா இருக்கும், கண்ணுக்கு தப்பிடும். எக்ஸ்ரே கூட சில நேரம் சுத்தமா இருக்கற மாதிரி ஏமாத்தும். எடை பாத்தீங்களா? கழுத்துல அக்குள்ல நெறி ஏதாவது கட்டியிருக்கா தடவி பாருங்க.

@மலைக்காத்து தூதுவளை ரசம் நானும் வைக்கறேன், சோத்துக்கு ஊத்தி சாப்பிட. 48 நாள் டிபிய விட்டு வச்சா அவரு வீட்ல யாரு பதில் சொல்றது?


பஞ்சுமில்_முழுநைட்டு:

அக்கா இப்ப படிச்சதும் கை நடுங்குதுங்க. எடை கல்யாணத்துக்கு போனப்போ பாத்தது 58, இப்ப பக்கத்து மருந்துக்கடையில பாத்தேன் 54. கழுத்துல வலது பக்கம் புளியங்கொட்டை சைசுல ஒண்ணு இருக்கு, வலிக்கல, சட்டை காலர் பட்டன் போடும்போது இடிக்கும், சூட்டு கட்டின்னு நினைச்சு சந்தனம் தடவிட்டிருந்தேன். பனியன் நனையுது, ஆனா ஜூன் மாசம் குவார்ட்டர்ஸ்ல ஃபேன் ஓடலைன்னா யாருக்குத்தான் நனையாது. ஒண்ணு ஞாபகம் வருது, அரை நைட்டு பாக்கற ஒருத்தரு எங்க ரூம்ல தங்கியிருந்தாரு, நாலு மாசம் இருமிட்டே இருந்தாரு, அப்புறம் ஊருக்கு போனவரு திரும்பி வரல.

டிபின்னு வந்துட்டா மில்லுல தெரிஞ்சிடுமேன்னு தாங்க பயம். ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணும் தெரிஞ்ச மாதிரிதானே.


சிவப்பு_டப்பா:

தம்பி பயப்படாதே, நான் பேசறேன், நான் இதுல முங்கி எழுந்தவன். எனக்கு 2003ல பாசிட்டிவ்னு தெரிஞ்சுது. அப்போ அரசாங்கத்துல இலவச கூட்டு மருந்தே கிடையாது, அது 2004 ஏப்ரல் 1ஆம் தேதி தான் நாட்டுல ஆரம்பிச்சாங்க, ஆரம்பிச்ச இடங்கள்ல நம்ம தாம்பரம் சானடோரியமும் ஒண்ணு. 1928ல காசநோய்க்குன்னு கட்டின ஆஸ்பத்திரி, கடைசியில ஹெச்ஐவிக்காரங்களுக்கும் அதுதான் புகலிடம் ஆச்சு, ரெண்டு நோயும் ஒரே ஆளை தேடி வரும்னு அந்த இடத்துல போயி நின்னாலே புரிஞ்சிடும், வராண்டாவுல பாயில படுத்திருப்பாங்க. நான் 2005ல போனப்போ 38 கிலோ, கழுத்துல உன்ன மாதிரி புளியங்கொட்டை இல்ல, கொய்யாக்காய்.

அப்போ டிபிக்கு ஒரு ஆளுக்கு ஒரு சிவப்பு டப்பா, மேல நம்ம பேரு எழுதி வச்சிருப்பாங்க, ஆறு மாச மருந்தும் அதுக்குள்ளேயே இருக்கும். திங்கள் புதன் வெள்ளி போயி அவங்க கண்ணு முன்னாடி முழுங்கணும். வாரத்துக்கு மூணே நாள்! பின்னாடி சென்னையில சேத்துப்பட்டுல இருக்கற காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்களே ஹெச்ஐவியும் டிபியும் சேர்ந்து இருக்கறவங்கள வச்சு தினமும் குடுக்கறதா, விட்டு விட்டு குடுக்கறதான்னு ஒப்பிட்டு பாத்து, தினமும் குடுக்கறதுதான் நல்லது, விட்டு விட்டு குடுத்தா மருந்துக்கு கட்டுப்படாத கிருமி கிளம்புதுன்னு கண்டுபிடிச்சாங்க. இப்ப எல்லாருக்கும் தினசரி மாத்திரை, எடைக்கு தக்கபடி. உன் 54 கிலோவுக்கு நாலு மாத்திரை வரும்னு நினைக்கறேன், மொத ரெண்டு மாசம் நாலு மருந்து கலந்தது, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து கலந்தது.

எனக்கு அப்போ மொதல்ல டிபி மருந்து, ரெண்டு மாசம் போனப்புறம் தான் கூட்டு மருந்து ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்ச மூணாவது வாரம் கழுத்து கட்டி டபுளா வீங்கிடுச்சு, காய்ச்சல் 103. செத்தேன்னு நினைச்சேன். டாக்டரம்மா சொன்னாங்க, இது நோய் முத்தல, உன் எதிர்ப்பு சக்தி இப்பத்தான் எழுந்து கிருமிய அடையாளம் கண்டு சண்டைக்கு போகுது, அதுல வர்ற வீக்கம், ரெண்டு மருந்தையும் நிறுத்தாதேன்னு. ஸ்டீராய்டு கொஞ்ச நாள் குடுத்தாங்க, அடங்கிடுச்சு. நிறுத்திட்டு ஓடினவங்க பக்கத்து பெட்ல இருந்தாங்க, அதை எழுத வேணாம். இப்ப அந்த மாதிரி ரெண்டு மாசம் காக்க வைக்கறதில்ல, டிபி மருந்து தொடங்கி ரெண்டு வாரத்துக்குள்ள கூட்டு மருந்தும் தொடங்கிடறாங்க, மூளையில டிபி இருந்தா மட்டும் தள்ளிப் போடுவாங்க. உனக்கு அந்த கவலையே இல்ல, நீ ஏற்கனவே மருந்துல இருக்கே.

இன்னொண்ணு, அந்த பி6ஐ சின்ன மாத்திரைதானேன்னு தூக்கி போடாதே. ஐசோனியாசிட் நரம்பை புடிக்கும், அப்போ எங்களுக்கு குடுத்த ஹெச்ஐவி மருந்து ஸ்டாவுடினும் அதே நரம்பை புடிக்கும், ரெண்டும் சேர்ந்து என் பாதம் இன்னைக்கும் ராத்திரி ஆனா மிளகாய் தேய்ச்ச மாதிரி எரியும். கன்னம் ஒட்டிப்போனது தனிக்கதை.

மில்லுல தெரியறதை பத்தி, 2017ல போட்ட ஹெச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு, உன் சம்மதம் இல்லாம உன் நிலைய வெளிய சொல்றதும் அதுக்காக வேலைய விட்டு தூக்கறதும் தப்பு. சட்டம் இருக்குன்னு வாய மூடிக்குவாங்களான்னு கேட்டா, மாட்டாங்க, அதுவும் எனக்கு தெரியும். ஆனா டிபி யாருக்கு வேணா வரும், பஞ்சு மில்லுல இருமல் வந்து டிபின்னு சொன்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டான். சந்தேகம்னா ஹெச்ஐவி ஹெல்ப்லைன் 1097க்கு போன் பண்ணு, பேரு கேக்க மாட்டாங்க.


தூக்குவாளி:

அய்யோ நான் படிக்கவே இல்லண்ணா அந்த கடைசி வரிய, மாத்திரை சாப்பிடுங்கன்னு வேற சொல்லிட்டேன். சாரி. நம்பிக்கை அக்கா சொன்னத கேளுங்க. போனீங்களா?


பஞ்சுமில்_முழுநைட்டு:

ஒன்பது நாள் ஆச்சு, அப்டேட் போடறேன். போனேன்ங்க. மொதல்லயே டாக்டர்கிட்ட போன தடவை பொய் சொல்லிட்டேங்கன்னு சொன்னேன், திட்டுவாங்கன்னு பாத்தா மாஸ்க் குடுத்து ஜன்னல் பக்கமா உக்கார வச்சு மொத ஆளா பாத்துட்டாங்க, இருமறவங்களுக்கு லைன் கிடையாதாம். சளி சிபிநாட்ல கிருமி வரல, எக்ஸ்ரேவும் சுத்தம். அத பாத்ததும் எனக்கு ஒரே குஷி, வீட்டுக்கு கிளம்பிட்டேன், டாக்டர் தான் புடிச்சு நிறுத்தி கழுத்து நெறியில ஊசி போட்டு எடுத்து அதையும் அதே மிஷின்ல போட்டாங்க. அதுல டிபி இருக்கு. ரிஃபாம்பிசின்ங்கற முக்கியமான டிபி மருந்துக்கு கட்டுப்படற கிருமி தான், எதிர்ப்பு இல்லன்னு வந்திருக்கு.

மாத்திரை ஆரம்பிச்சு நாலு நாள். சிவப்பு டப்பா அண்ணன் சொன்ன மாதிரியே தினம் நாலு, பி6, அப்புறம் கோட்ரைமாக்சசோல்னு ஒரு பெரிய மாத்திரை. எல்லாம் ஏஆர்டி சென்டர்லயே குடுத்துட்டாங்க, டிபிக்கு தனியா ஒரு இடத்துக்கு அலைய வேணாம்னுட்டாங்க. பீரோவுல இருந்த தடுப்பு மாத்திரைய திருப்பி குடுத்துட்டேன். பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் கேட்டாங்க, சத்தான சாப்பாட்டுக்கு மாசம் 1000 ரூபா வருமாம்.

இப்ப ரெண்டு சந்தேகம். டிஎல்டி எப்பவும் போல ஒண்ணு, அது போக டிஎல்டிக்குள்ள இருக்கற டொலுடெக்ராவிர் மட்டும் தனியா ஒரு 50 மில்லிகிராம் மாத்திரை குடுத்து 12 மணி நேரம் கழிச்சு சாப்பிட சொல்லியிருக்காங்க. நான் டிஎல்டிய ராத்திரி 9 மணிக்கு ஷிப்டுக்கு கிளம்பும்போது போடறவன், அப்ப காலையில 9க்கு இதை போடணும், ஆனா எட்டரைக்கு வந்து படுத்தா செத்த பொணம் மாதிரி தூங்குவேன். அரை மணி முன்ன பின்ன ஆனா பரவால்லைங்களா? ரெண்டாவது, பொண்ணுக்கு 9 வயசு, பையனுக்கு 6, அவங்களுக்கு ஒட்டிடுமா?


நம்பிக்கை_அக்கா:

நல்லவேளை அந்த டாக்டர் விடல தம்பி. சளியில வரலைன்னு ஆனந்தமா வீட்டுக்கு போனவங்க எத்தனை பேரை பாத்திருக்கேன்.

எட்டரைக்கு வந்ததும் செருப்பு கழட்டற முன்னாடி போட்டுட்டு படுங்க, அரை மணி முன்ன பின்ன ஒண்ணும் ஆகாது, விட்டுட்டு தூங்கறது தான் தப்பு. எதுக்கு ரெண்டுன்னா, ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கி விட்டுடும், டொலுடெக்ராவிர் வந்த வேகத்துல கரைஞ்சு வெளிய போயிடும், ஒரு வேளை மருந்து 24 மணி நேரம் தாங்காது. டிபி மருந்து முடிஞ்சதும் சந்தோசத்துல அந்த ரெண்டாவது மாத்திரைய உடனே நிறுத்திடாதீங்க, ரிஃபாம்பிசினோட வேகம் அடங்கற வரைக்கும் இன்னும் ரெண்டு வாரம் போடணும். கட்டி நடுவுல வீங்கினா இல்ல சீழ் வெச்சா போயி காட்டுங்க, நீங்களா நிறுத்தக்கூடாது. சாப்பாடு வேணாம்னு தோணி வாந்தி வந்து கண்ணு மஞ்சளா தெரிஞ்சா, மூத்திரம் ஆரஞ்சா இல்லாம டீ டிகாஷன் மாதிரி கருத்தா போனா, கண் பார்வை மங்கினா அன்னைக்கே போகணும், அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேணாம்.

பசங்களுக்கு உங்ககிட்ட இருந்து ஒட்டாது, கழுத்து நெறியில இருக்கற டிபி பரவாது, நுரையீரல்ல இருந்தாத்தான் இருமல்ல பரவும். இருந்தாலும் பசங்களையும் வீட்டுக்காரியையும் அம்மாவையும் ஒரு தடவை கூட்டிட்டு போய் காட்டுங்க. உங்க ரூம்ல இருந்து ஊருக்கு போனாரே அந்த ஆளோட நம்பர் இருந்தா ஒரு போன் போடுங்க, அவரு வீட்லயும் சின்ன பசங்க இருக்கலாம்.


பஞ்சுமில்_முழுநைட்டு:

நம்பர் இருக்குங்க அக்கா. சாயங்காலம் போடறேன். அவருகிட்ட ஹெச்ஐவிய பத்தி சொல்ல வேணாமில்ல?


நம்பிக்கை_அக்கா:

வேணாம். எனக்கு டிபி வந்திருக்கு, நீங்களும் ஒரு சளி டெஸ்ட் பண்ணிக்கங்கன்னா போதும்.


சிவப்பு_டப்பா:

ஒண்ணு மறந்துட்டேன் தம்பி. ஐசோனியாசிட் சாப்பிடறப்போ சூரை மீன் வேணாம், அதுவும் ஐஸ்ல நாள்பட்டது வேணவே வேணாம். அந்த மீன்ல ஹிஸ்டமின்னு ஒண்ணு சேரும், அதை உடம்பு கரைக்கறதை இந்த மருந்து தடுத்துடும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து தலை இடிச்சு நெஞ்சு படபடன்னு அடிக்கும். இலங்கையில டிபி நோயாளிங்களுக்கு இது நிறைய ஆகி அங்க இருக்கற டாக்டருங்க 1980லயே எழுதி வச்சிருக்காங்க. எனக்கு ஆனப்போ மருந்துதான் ஒத்துக்கலைன்னு நினைச்சு ரெண்டு வேளை நிறுத்திட்டேன், தப்பு மீன் மேல.


பஞ்சுமில்_முழுநைட்டு:

எங்கூர் சந்தைக்கு ஞாயித்துக்கிழமை வர்றதே அந்த சூரைதாங்க அண்ணா. சரி, கோழி எடுத்துக்கறேன்.